ஏழாம் பெட்டியில் ஒரு சிவப்புக் கோடு

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க சார். விருத்தாசலத்துல ஏறினதுலேருந்து பாக்கறேன், அந்தக் காகிதக் கட்டை மடியை விட்டு எறக்கவே இல்ல. கோர்ட்டுக் கட்டுங்களா? அப்படித்தான் நெனச்சேன். கடலூருக்கா? யார்கூட வழக்கு, சொந்தத் தம்பியோடவா? நீங்க தம்பி மேல போட்டதா, தம்பி உங்க மேல போட்டதா? ரெண்டு பேருமேவா! எத்தினி வருஷமா நடக்குது? ஒம்பதா? விடாதீங்க சார். சமாதானம் பேச வர்றவன் வருவான், காபி வாங்கிக் குடுப்பான், நீ பெரியவன் விட்டுக் குடுன்னுவான். கேக்காதீங்க. நான் எதையும் விட்டதே இல்ல. எங்க வீட்டுல அஞ்சலாட்சி சொல்லுவா, உங்களுக்கு சோறு செரிக்குது, கோவம் மட்டும் செரிக்கலைன்னு. என் சம்சாரம்தான்.

நான் குள்ளஞ்சாவடியில இறங்கணும். அங்க சபாபதின்னு ஒரு ஆள் இருக்கான். அவன் வீட்டு வாசல்ல நின்னு ஒரே ஒரு கேள்வி கேக்கணும். இதுக்காக இந்த பஸ்ல ஏறறது இது நாலாவது தடவை. மொத தடவை மழை. அடுத்த தடவை தலைவலி. மூணாவது தடவை... அது கெடக்கட்டும். இன்னைக்குக் கேட்டுடுவேன்.

இருங்க, போன் அடிக்குது. மில்லுலேருந்து. அடிக்கட்டும், அடிக்கட்டும்.

நான் சர்க்கரை ஆலையில வேலை பாக்கறேன். இன்ஸ்ட்ரூமென்ட் டெக்னீசியன். பேரு கோதண்டம். இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. அந்த சபாபதியும் நானும் ஒரே நாள்ல சேந்தோம், ஒரே ரூம்ல எட்டு வருஷம் தங்கினோம். அவன் தபால்ல படிச்சுப் படிச்சு இன்ஜினியர் ஆயிட்டான். ஆகட்டும், எனக்கு அதுல வயித்தெரிச்சல் இல்ல. சத்தியமா இல்ல. அவன் பரீட்சைக்குப் போன நாள்ல அவன் ஷிப்டையும் சேத்துப் பாத்தவன் நான். அதை அவன் யார்கிட்டயாவது சொல்லியிருப்பான்னு நெனக்கறீங்க? மாட்டான்.

என் வேலை என்னன்னு சொன்னாத்தான் உங்களுக்கு விஷயம் புரியும். ஆலையில இந்தத் தொட்டியில சாறு எவ்வளவு இருக்கு, அந்தக் குழாயில சூடு எவ்வளவுன்னு ஆள் ஏறி ஏறிப் பாக்க முடியாது. அதனால எடத்துக்கு எடம் ஒரு கருவி இருக்கும். அது பாத்ததை ஒயர் வழியா சின்ன கரண்டா அனுப்பும். மில்லியாம்ப்னு பேரு. தொட்டி காலின்னா நாலு வரும். ரொம்பிடுச்சுன்னா இருபது. பாதின்னா பன்னெண்டு. காலிக்கு ஏன் சைபர் இல்ல, நாலுன்னு கேப்பீங்க. சைபர்னா ஒயரே செத்துப்போச்சுன்னு அர்த்தம் சார். நான் காலியா இருக்கேன்னு சொல்றதுக்கும் உயிர் வேணுமில்ல? ஒயர் அறுந்தா மீட்டர் முள்ளு நாலுக்குக் கீழ விழும், ஹூட்டர்னு ஒரு சங்கு அலறும், நான் ஓடுவேன். இவ்வளவுதான் தொழில். இதை எவன் பண்ணான், எவ்வளவு அழகா பண்ணான்னு நெனச்சு நெனச்சு நான் சந்தோஷப்பட்டிருக்கேன்.

அந்த ஒயரெல்லாம் வர்ற வழியில ஜங்ஷன் பெட்டி இருக்கும். மொத்தம் பதினாலு பெட்டி. உள்ள வரிசையா டெர்மினல், ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்க்ரூ, அதுக்கடியில ஒயர். நான் ஒரு ஸ்க்ரூவை முறுக்கினா அதோட விட மாட்டேன். நகத்துக்குப் பூசற சிவப்பு பாலிஷ் இருக்குல்ல, அதால ஸ்க்ரூ தலைமேல ஒரு கோடு போட்டு, அப்படியே கீழ டெர்மினல் வரைக்கும் இழுத்துடுவேன். அப்புறம் எவனாவது ஸ்க்ரூவை இத்துனூண்டு திருப்பினாக்கூட கோடு ஒடஞ்சு வெலகிடும். பாத்த உடனே தெரிஞ்சுடும். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஃபேன்ஸி ஸ்டோர் அம்மா ஒவ்வொரு தடவையும் கேக்கும், யாருக்குண்ணே இத்தினி பாட்டில்னு. பதினாலு பேருக்கும்மான்னு சொல்லுவேன். எங்க மில்லுல கோடு முழுசா இருந்தா கோதண்டம் முறுக்கினது, அப்புறம் யாரும் தொடலைன்னு அர்த்தம். ஆடிட்டுக்கு வர்றவங்ககூட என் கோட்டைப் பாத்துட்டுப் பெட்டியை மூடிடுவாங்க.

போன வருஷம் இந்த சபாபதி கேட்வே கொண்டாந்தான். கையகலத்துல ஒரு டப்பா. ஒரு பக்கம் என்னோட பழைய ஒயரெல்லாம் உள்ள போகும். இன்னொரு பக்கம் ஒரே ஒரு கேபிள் வெளிய வரும், நேரா கம்ப்யூட்டருக்கு. மில்லியாம்ப் சொல்றதைக் கம்ப்யூட்டருக்குப் புரியற மாதிரி எண்ணா மாத்திக் குடுக்கறதுதான் அதோட வேலை. நூறு முள்ளு இருந்த பேனலைப் பேத்து எறிஞ்சுட்டு ரெண்டு டிவி பொட்டியை வெச்சான். பெட்டிக்கு ஒரு கேட்வேன்னு என் பெட்டிக்குள்ளயே உக்கார வெச்சான். "கோதண்டம், டெர்மினல் எல்லாத்தையும் நீயே ஒரு தடவை முறுக்கிக் கோடு போட்டுக் குடுத்துடுடா. உன் கோடு இருந்தாத்தான் எனக்கு நிம்மதி"ன்னான். ஒன்றரை மாசம், பதினாலு பெட்டி, குனிஞ்ச முதுகு நிமிராம போட்டுக் குடுத்தேன்.

போட்டு முடிச்ச வாரம் மீட்டிங். பேனல்ல நாங்க ஆறு பேரு. இனிமே ரெண்டு டிவிக்கு ரெண்டு பேர் போதும், அதுவும் கம்ப்யூட்டர் படிச்சவங்கன்னு ஜெனரல் மேனேஜர் சொல்றாரு. அஞ்சு பேரைக் கணக்கு முடிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. கோதண்டத்தை என்ன பண்றதுன்னு கேக்கறாரு. இவன் எந்திரிச்சு என்ன சொன்னான் தெரியுமா? "சார், அவருக்கு மில்லியாம்ப்தான் தெரியும், நெட்வொர்க் வராது. அவரைக் கரும்பு யார்டுக்கு அனுப்புங்க, எடைமேடைக்கு ஒரு ஆள் வேணும்"னான். எல்லார் முன்னாடியும் சார்! என்னை வெச்சுக்கிட்டு! அஞ்சு பேரும் மரியாதையா வீட்டுக்குப் போயிட்டாங்க. நான் மட்டும் வெயில்ல நின்னு டிராக்டர்க்காரனுக்கு டோக்கன் கிழிக்கணும். தட்டுல மீந்ததை நாய்க்குப் போடற மாதிரி எனக்கு ஒரு வேலை. வேலைதானே குடுத்தார், எடுக்கலையேன்னு அஞ்சலாட்சி சொன்னா. அவளுக்கு என்ன தெரியும்.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இவன் மூஞ்சி தொங்கணும். எந்த கேட்வேயை வெச்சு என்னை வெளிய அனுப்பினானோ, அதாலேயே இவன் தலை குனியணும். மத்தபடி யாருக்கும் எந்தக் கெடுதலும் நான் நெனக்கல. தேசிங்குன்னு ஒருத்தன் கால்ல கொஞ்சம் சாறு பட்டது, அது வேற கதை. வர்றேன்.

புது சிஸ்டம் ஒரு மாசம் சோதனை ஓட்டம். சாப்பாட்டு நேரத்துல நான் யார்டுலேருந்து நைசா சாறு காய்ச்சற பாய்லிங் ஹவுஸ் பக்கம் வருவேன். கருவிக்குப் பக்கத்துல பிளக் மாதிரி ஒண்ணு இருக்கும். அதை ஒரு செகண்டு உருவிட்டுத் திரும்பச் சொருகிடுவேன். அவ்வளவுதான். உள்ள ஹூட்டர் அலறும். சபாபதி ஓடியாருவான், எல்லாம் சரியா இருக்கும். இன்னைக்கு ஒரு கருவி, நாளைக்கு வேற. அவன் படற பாட்டைத் தூரத்துல நின்னு பாக்கணுமே! பத்து நாள்ல ஆள் இளைச்சே போயிட்டான். ஜெனரல் மேனேஜர் கத்தறாரு, "என்னய்யா உன் சிஸ்டம் எந்நேரமும் நாய் மாதிரி குரைக்குது, எம்.டி. வர்றப்ப இது அடிச்சுதுன்னா உன்னைத் தொலைச்சுடுவேன்"னு. எனக்கு அன்னைக்கு ரெண்டு கவளம் சோறு கூடவே எறங்கிச்சு.

அப்புறம் ஒரு நாள் பார்த்தா, பிளக்குக்கெல்லாம் டேப்பு சுத்தி சீல் வெச்சுட்டான். அதோட ஹூட்டர் அடங்கிப் போச்சு. சீல் வெச்சதாலதான் அடங்கிச்சுன்னு நான் நெனச்சேன். அதே நாள்ல அவன் கேட்வேக்குள்ள இன்னொண்ணும் பண்ணியிருக்கான். எனக்கு எப்படித் தெரியும்? ஒயர் விட்டுப்போனா உடனே அலறாதே, கடைசியா வந்த அளவையே காட்டிக்கிட்டு இருன்னு அதுக்குச் சொல்லி வெச்சுட்டான். ஒரு செகண்டு விட்டு விட்டு வந்த தொல்லைக்காகப் பண்ணானாம். மில்லியாம்ப் படிச்சவன் எவனாவது அப்படிப் பண்ணுவானா? செத்தவன் கடைசியா சொன்னதையே சொல்லிக்கிட்டு இருந்தா உயிரோட இருக்கான்னா அர்த்தம்? நான் அந்த ரூம்ல இருந்திருந்தா விட்டிருப்பேனா? அந்தத் தொல்லை எங்கேருந்து வந்துச்சுன்னா கேக்கறீங்க? சார், தொல்லை ஆயிரம் வரும். அதுக்காக இப்படியா பண்றது? நீங்க விஷயத்தைக் கவனிங்க.

எம்.டி. வர்ற நாள். காலையில பதினோரு மணி. கண்ணாடி போட்ட கன்ட்ரோல் ரூமுக்குள்ள எம்.டி., கூட ஏழெட்டு பேர் கோட்டு சூட்டோட. சபாபதி டிவியைக் காட்டிக் காட்டி விளக்கறான். வெளியில ஏழாம் பெட்டிகிட்ட, தூணுக்கு இந்தப் பக்கம் நான். எங்கிட்ட பெட்டிச் சாவி ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. எதைக் கழட்டலாம்னு ரெண்டு நாள் யோசிச்சேன். பாய்லர் பக்கமே போகக் கூடாது, அது உயிர் விஷயம். நான் பொறுப்பான ஆள் சார். அதனால சூடான சாறு நிக்கற தொட்டியோட லெவல் ஒயரைத் தேர்ந்தெடுத்தேன். ஒயரைக் கழட்டினா என்ன ஆகும்? ஹூட்டர் அலறும், எம்.டி. திரும்புவாரு, இவன் முழிப்பான், அரை நிமிஷத்துல நான் ஒயரைச் சொருகிட்டுப் போயிடுவேன். இருபத்தெட்டு வருஷமா ஒயர் போனா அதான் நடந்திருக்கு.

என் கோட்டை நானே ஒடச்சேன் சார், அன்னைக்கு. ஸ்க்ரூவைத் திருப்பறப்ப அது ரெண்டா வெலகறதைப் பாத்தேன். மனசுக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ஒயரை உருவிட்டுக் காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன்.

ஹூட்டர் அடிக்கல.

நல்லா உருவலையோன்னு குனிஞ்சு பாத்தேன். ஒயர் தனியா தொங்குது. கண்ணாடிக்குள்ள பார்த்தா எல்லாரும் சிரிக்கறாங்க, ஒருத்தர் கை தட்டறாரு. டிவியில அறுபத்திரண்டு சதவீதம்னு அந்தத் தொட்டி கம்பீரமா நிக்குது. எனக்குத் தலைக்கு மேல ஏறிடுச்சு. பெரியவங்க வந்திருக்காங்கன்னு அன்னைக்கு அரவை வேகத்தை வேற கூட்டியிருந்தாங்க. சாறு அதிகமா வருது. தொட்டி ஏறினா வெளிய எடுக்கற பம்ப்பும் வேகமா ஓடணும், ஆனா கம்ப்யூட்டருக்கு அறுபத்திரண்டுதானே தெரியுது? பம்ப்பு பழைய வேகத்துலேயே ஓடிக்கிட்டு இருக்கு. அண்ணாந்து பாக்கறேன், தொட்டி விளிம்புல நுரை.

கீழ தேசிங்கு ரப்பர் குழாயைப் பிடிச்சுத் தரையைக் கழுவிக்கிட்டிருந்தான். பம்ப் ஆளு. எனக்கு தினம் டீ வாங்கிக் குடுக்கறவன். முன்னெல்லாம் அவன்தான் தொட்டிமேல ஏறி எட்டிப் பாப்பான், இப்ப எல்லாம் டிவியில தெரியும், ஏற வேணாம்னு சொல்லிட்டாங்க.

கத்தினேன் சார். ஏன் கத்தாம? கத்தினேன். தேசிங்கு, வெலகுடான்னு கத்தினேன். சாறு பாய் விரிச்ச மாதிரி சரிஞ்சு எறங்குது. அவனைக் கையைப் பிடிச்சு இழுத்து வெளிய போட்டது நான்தான். என் சட்டையெல்லாம் சாறு. இல்லைன்னா ஆள் அங்கேயே போயிருப்பான். டாக்டரே சொன்னாரு. தேசிங்கு ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு எல்லார்கிட்டயும் சொன்னான், கோதண்டம் அண்ணன் மட்டும் டீ குடிக்க என்னைத் தேடி வரலைன்னா நான் இல்லைன்னு. நான் அங்க ஏன் வந்தேன்னு என்னை யாரும் கேக்கவே இல்ல. அவனே பதிலைச் சொல்லிட்டான்.

நுரையைப் பாத்த உடனே கத்தினேனான்னா? ... கொஞ்சம் லேட்டா கத்தினேன். அப்பக் கத்தினா நான் அங்க நிக்கறது தெரிஞ்சுடும் இல்ல? அதோட, கொஞ்சம் வழியட்டும்னு தோணிச்சு. எம்.டி. கண்ணு முன்னாடி கொஞ்சம் வழியட்டும், இவன் பவிசு தெரியட்டும்னு. ஒரு நிமிஷம் இருக்கும். சரி, ரெண்டு. அவ்வளவு வேகமா வரும்னு யாருக்குத் தெரியும்? முட்டிக்குக் கீழ ரெண்டு காலும்.

மறுநாளே விசாரணை. மேலேருந்து மூணு பேர் வந்தாங்க. பதினாலு பெட்டியையும் திறந்து டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. நான் யார்டுல டோக்கன் கிழிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன். கோடு ஒடஞ்சிருக்கறதைப் பாத்தா மொதல்ல என்ன கேப்பாங்க? யார் திருப்பினதுன்னு கேப்பாங்க. அந்த நேரத்துல அந்த எடத்துல இருந்தது யாரு? ஆனா அவங்க ஒண்ணும் கேக்கல. பெட்டி எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. சரி, தொங்கற ஒயரை சபாபதியே பாத்துச் சொருகியிருப்பான், அவன் மானம் போயிடும்னு மறைச்சுட்டான், கோட்டை அவங்க கவனிச்சிருக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்.

சபாபதியைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. அவன் சொன்னதைக் கேளுங்க. "ஒயர் விட்டிருந்துச்சு, நான்தான் பாத்து முறுக்கினேன். ஒயர்னா விடும் சார். ஆட்டத்துல விடும், எலி கடிச்சு விடும். விட்டா உடனே தெரியணும், அதுக்குத்தான் நாங்க இருக்கோம். தெரியாம பண்ணி வெச்சது நான். தப்பு என்னுதுதான்"னான். அவன் வாயாலேயே ஒத்துக்கிட்டான்! எழுதிக் குடுத்துட்டு வேலையை விட்டே போயிட்டான். எலியாம் சார், எலி. எனக்கு அது மட்டும் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இவன் யாரை எலின்னு சொல்றான்?

ஆனா ஜெயிச்சது நான்தானே. தேசிங்கைக் காப்பாத்தினேன்னு ஜெனரல் மேனேஜர் கையால சால்வை. போன மாசம் ஆர்டர் வந்துச்சு, கோதண்டம் இனிமே கன்ட்ரோல் ரூம் இன்சார்ஜ்னு. சபாபதி உக்காந்த அதே நாற்காலி. மொத வேலையா, கம்ப்யூட்டர்லேருந்தே அந்த கேட்வே பதினாலுலயும் அவன் சொல்லி வெச்சதை மாத்தினேன். ஒயர் போனா ஹூட்டர் அலறணும். ஒரு தடவை அமுக்கினா அடங்கும், பத்து நிமிஷத்துல மறுபடியும் அலறும். சரி பண்ற வரைக்கும் விடாது. நெட்வொர்க் எனக்கு வராதாம்! பத்தே நாள்ல கத்துக்கிட்டேன். அவன் ஒரு நோட்டு எழுதி டிராயர்ல வெச்சுட்டுப் போயிருந்தான். தமிழ்ல, படம் போட்டு, எல்லாம் ஒவ்வொண்ணா. யாருக்கு எழுதினானோ. மொத பக்கத்துல மில்லியாம்ப் தெரிஞ்சவனுக்கு இது சுலபம்னு எழுதியிருக்கான்.

திரும்பவும் போன். அடிக்கட்டும் சார், எதுக்கு அடிக்கறாங்கன்னு எனக்குத் தெரியும்.

நாளைக்கு இந்த வருஷத்து அரவை ஆரம்பம். போன வாரம் ஒவ்வொரு பெட்டியா திறந்து சரி பாத்துக்கிட்டு வந்தேன். ஏழாம் பெட்டியை மட்டும் கடைசிக்கு விட்டு வெச்சிருந்தேன். அந்த நாளுக்கப்புறம் நான் அதைத் திறக்கவே இல்ல. திறந்தா, கோடு முழுசா இருக்கு.

புரியுதுங்களா? நான் ஒடச்ச கோடு, ஒடையாம இருக்கு.

இருங்க, காட்டறேன். கைக்குட்டையில சுத்தி வெச்சிருக்கேன். இன்னைக்குக் காலையிலதான் இந்த டெர்மினலை மட்டும் பெட்டியிலேருந்து கழட்டினேன். பாருங்க. என் கோடு வலது பக்கம் மேலேருந்து இடது பக்கம் கீழ எறங்கும், கடைசியில சின்னதா ஒரு வால் இருக்கும். இது தலைகீழா இடதுலேருந்து வலதுக்கு வருது. சபாபதி இடது கைக்காரன். விசாரணைக்காரங்க வர்றதுக்கு முன்னாடி, என் பழைய மேஜை டிராயர்ல இருந்த என் பாட்டிலை எடுத்து, என் கோட்டை அவன் போட்டிருக்கான். போர்ஜரி சார் இது! என் கையெழுத்தை இன்னொருத்தன் போட்ட மாதிரி. எவ்வளவு திமிர் இருந்தா பண்ணுவான்?

என்ன சொல்றீங்க? உங்களைக் காப்பாத்தத்தானே போட்டிருக்கார்னா?

அதை நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? ஒரு வாரமா நான் தூங்கல. எனக்கா புரியாது? அவன் அன்னைக்கே பாத்துட்டான். ஒயர் தொங்கறதைப் பாத்தான், கோடு ஒடஞ்சதைப் பாத்தான், நான் சாறு வழிய நின்னதைப் பாத்தான். பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லல. ஒரு தடவை மொறைச்சிருந்தாக்கூடப் பரவால்ல. வேலையை விட்டுட்டுக் குள்ளஞ்சாவடியில அரிசி ஆலையில மோட்டாருக்கு ஒயர் கட்டிக்கிட்டிருக்கான். மாசம் ஒரு தடவை தேசிங்கைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறானாம். தேசிங்குக்கு இன்னும் செருப்புப் போட முடியல. வருஷம் ஆகப் போவுது. தோல் எடுத்து ரெண்டு தடவை ஒட்டிட்டாங்க. நான் ஒரு தடவை போய்ப் பாத்தேன். அண்ணே, நீ மட்டும் வரலைன்னான்னு மறுபடியும் ஆரம்பிச்சான். எழுந்து வந்துட்டேன்.

உங்க தம்பி நாளைக்கு வந்து, அண்ணா, கேஸ் வேணாம், எல்லாத்தையும் நீயே எடுத்துக்கோன்னு சொல்லிட்டுப் போயிட்டா உங்களுக்கு சந்தோஷமா இருக்குமா? இருக்காது சார். ஒம்பது வருஷமா நீங்க யார்கூட சண்டை போட்டீங்க அப்ப? நான் இவனை ஜெயிச்சேன்னு நெனச்சுக்கிட்டு ஒரு வருஷம் நெஞ்சை நிமித்தி நடந்திருக்கேன். நான் உக்காந்திருக்கற நாற்காலி இவன் எனக்காக விட்டுட்டுப் போனது. என் சால்வை இவன் போட்டது. என்னைக் காப்பாத்த இவன் யாரு சார்? நான் கேட்டேனா? என் எதிரி எனக்கு எதிரியாவே இருக்க வேணாமா? நாளைக்கு அந்த ரூம்ல நான் எப்படி உக்காருவேன்?

அதுதான் கேள்வி. எதுக்குடா நீ என் கோட்டைப் போட்டேன்னு கேக்கணும். அவன் பதிலுக்குத் திட்டினா நல்லா இருக்கும். அடிச்சாக்கூட நல்லா இருக்கும். ஆனா எனக்கு அவனைத் தெரியும். வாசல்ல என்னைப் பாத்த உடனே, வாடா கோதண்டம், டீ சாப்பிடுன்னுவான். அப்படிச் சொல்லிட்டான்னா நான் என்ன சார் பண்ணுவேன்? மூணாவது தடவை அதை நெனச்சுத்தான் இறங்காம கடலூர் வரைக்கும் போயிட்டேன்.

இன்னொண்ணு பாருங்க. இந்தக் கோட்டோட ஓரத்துல நகத்தால சுரண்டிப் பாத்தேன். மேல அவன் போட்டது பொரிப்பொரியா உதிருது. அடியில என்னுது இருக்கு, ரெண்டா ஒடஞ்சு. அவன் அதைத் துடைக்கல. அது மேலயே போட்டிருக்கான்.

அடிக்குது பாருங்க, பஸ் ஏறறதுக்கு முன்னாடி அடிச்சதையும் சேத்து அஞ்சாவது தடவை. ஏழாம் பெட்டி ஹூட்டர் காலையிலேருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அலறிக்கிட்டிருக்கும். அலறணும்னுதானே மாத்தி வெச்சேன். டெர்மினல் என் பையில இருக்கறப்ப அங்க ஒயர் காத்துலதான் தொங்கும். இப்ப அங்க எல்லாரும் என்ன கேட்டுக்கிட்டிருப்பாங்க? யார் கழட்டினதுன்னுதான். போன வருஷமே கேட்டிருக்கணும்.

இதைக் கொஞ்சம் பிடிங்க சார். பேசிடறேன்.

ஹலோ. ஆங், கோதண்டம்தான். ஏழாம் பெட்டிதானே? தெரியும். எலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் கழட்டினேன். இல்ல, இரு, முழுசாக் கேளு. இன்னைக்கும் நான்தான், போன வருஷம் எம்.டி. வந்த அன்னைக்கும் நான்தான். ஆமா, தேசிங்கு கால். ஆமா. நுரை வர்றதைப் பாத்துக்கிட்டு நின்னேன். சபாபதி பண்ணது ஹூட்டரை அடக்கினது மட்டும்தான், அதுவும் என் தொல்லை தாங்காம. ஜெனரல் மேனேஜர்கிட்டச் சொல்லு. குடிச்செல்லாம் இல்லப்பா, தெளிவாத்தான் இருக்கேன். அப்படியே சொல்லு. வை.

என்ன சார் அப்படிப் பாக்கறீங்க? இப்ப அவன் போட்ட கோட்டுக்கு என்ன மதிப்பு, சொல்லுங்க? ஒண்ணும் இல்ல. அழிச்சுட்டேன். எனக்காகப் பெருசா விட்டுக் குடுத்தான்ல, இனிமே யாருக்காக விட்டுக் குடுப்பான்? வேலைக்குத் திரும்பக் கூப்பிடுவாங்க, வந்து அந்த நாற்காலியில அவனே உக்காரட்டும். என்னை என்ன வேணா பண்ணிக்கட்டும்.

 

விசிலடிச்சுட்டான். குள்ளஞ்சாவடி. டெர்மினலைக் குடுங்க, அதை அவன் கையில குடுக்கணும். காலைக் கொஞ்சம் ஒதுக்குங்க, இறங்கிக்கறேன். டீ சாப்பிடுன்னு சொன்னா குடிக்க மாட்டேன் சார். நின்னுக்கிட்டேதான் பேசுவேன்.